விண்வெளிச் சண்டையில ஒளியவே முடியாதுன்னா தந்திரத்துக்கு என்ன வேலை?

சிவப்புக்கோள்:
ரெண்டு கிரகத்துக்கு நடுவுல நடக்கிற போரை வச்சு ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், இயற்பியல் முடிஞ்சவரை சரியா இருக்கணும்னு ஆசை. ஆனா ஒரு எடத்துல முட்டி நிக்குது. விண்வெளியோட பின்னணி வெப்பம் 2.7 கெல்வின் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்), ஆளுங்க உயிரோட இருக்கிற கப்பல் 290 கெல்வின் (சுமார் 17 டிகிரி) பக்கம், அப்போ இன்ஃப்ராரெட்ல, அதாவது சூடான பொருள் விடுற கண்ணுக்குத் தெரியாத ஒளியில, பாக்குறவனுக்கு அது பளிச்சுனு தெரியும், எஞ்சினைப் போட்டா கேக்கவே வேணாம். பதுங்கித் தாக்குறதுங்கிறதே கிடையாதா? பெரிய கப்பல் வச்சிருக்கிறவன் ஜெயிச்சான்னு முடிக்கிறதுக்கு நாவல் எதுக்கு?

நீள்வட்டம்:
எதிரி எங்க இருக்கான்னு தெரியும், அடுத்து என்ன பண்ணப் போறான்னு தெரியாதே, மொத்தத் தந்திரமும் அங்கதான் இருக்கு. கப்பல்ல எரிபொருள் எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் திசைவேகத்தை மாத்த முடியும். ஹைட்ரஜன் ஆக்ஸிஜன் எஞ்சின்ல வாயு வெளிய வர்ற வேகம் சுமார் 4.5 கிமீ/நொடி, அதை வச்சு 9 கிமீ/நொடி மாத்தணும்னா கிளம்புறப்போ இருந்த எடையில 86 சதவீதம் எரிபொருளாவே போயிடும். அதனால நீங்க ஒரு பக்கம் போற மாதிரி போக்கு காட்டி எதிரியை அவன் எஞ்சினைப் போட வச்சாலே பாதி ஜெயிச்ச மாதிரி, அடுத்த வாரம் அவனுக்குத் திரும்ப வழி இருக்காது. சண்டை ஒரு குண்டு கூட போடாம முடியலாம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கிரகத்துக்குப் பக்கத்துல வந்துட்டா இன்னும் சுவாரசியம். 1965ல ஜெமினி 4ங்கிற அமெரிக்க விண்கலத்துல போன விண்வெளி வீரர் மெக்டிவிட் தன்னோட ராக்கெட்டோட காலியான மேல்கட்டத்துக்கிட்ட போகணும்னு அதைப் பாத்து எஞ்சினைப் போட்டாரு, அது கிட்ட வராம விலகிப் போச்சு. முன்னாடி போறதைப் பிடிக்கணும்னா வேகத்தைக் குறைச்சு கீழ எறங்கணும், கீழ்ச் சுற்றுப்பாதையில சுத்தி முடிக்க நேரம் கம்மி. விமானச் சண்டை மாதிரி துரத்துற காட்சி வச்சிருந்தீங்கன்னா தயவுசெஞ்சு எடுத்துருங்க.

வெப்பக்கடல்:
கப்பலுக்குள்ள சேர்ற வெப்பத்தைப் பத்தி யாரும் சொல்லல. ஒரு மெகாவாட் லேசர் 30 சதவீதம் திறன்ல ஓடுதுன்னா ரெண்டு மெகாவாட்டுக்கு மேல சூடு உள்ளயே தங்கும், வெற்றிடத்துல அதைக் கதிர்வீச்சாத்தான் தள்ள முடியும். 300 கெல்வின்ல இருக்கிற ரேடியேட்டர் (சூட்டை வெளிய தள்ளுற தகடு) ஒரு சதுர மீட்டருக்கு 460 வாட் கூட தள்ளாது, 1000 கெல்வின்னா 56 கிலோவாட் வரைக்கும் போகும். அவ்வளவு பெரிய மெல்லிசான தகட்டை விரிச்சு வச்சா எதிரி முதல்ல அதைத்தான் கிழிப்பான், மடிச்சு வச்சா சூடு ஏறிக்கிட்டே போயி ஆளுங்களே வெந்துருவாங்க. எப்போ மடிக்கணும் எப்போ விரிக்கணும்னு கேப்டன் முடிவெடுக்கிற காட்சி போதும், ஒரு அத்தியாயமே அதுல ஓடும்.

தூரமும் முக்கியம். 3 லட்சம் கிமீ தள்ளி இருந்தா ஒளி வந்து சேரவே ஒரு நொடி ஆகும், அதனால நீங்க பாக்குறது ஒரு நொடி பழசு, லேசர் போய்ச் சேர இன்னொரு நொடி, அந்த ரெண்டு நொடியில 1 மீ/நொடி² முடுக்கத்துல கப்பல் ரெண்டு மீட்டர்தான் நகரும். 30 லட்சம் கிமீன்னா 20 நொடி, 200 மீட்டர் விலகி லேசர்கிட்டேர்ந்து தப்பிச்சிடலாம்.

சிவப்புக்கோள்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இதெல்லாம் யோசிக்கவே இல்ல. எதிரி இருக்கிற பக்கத்தை மட்டும் குளிர வச்சு சூட்டை மறுபக்கம் தள்ளினா தப்பிக்கலாமா?

வெப்பக்கடல்:
எதிரிக்கு ஒரே ஒரு கண்ணுதான்னா கொஞ்ச நேரம் தப்பிக்கலாம். ஆனா புத்தியுள்ள எவனும் நாலு திசையிலயும் சின்னச் சின்ன டெலஸ்கோப்பை விட்டு வச்சிருப்பான். அதனால மொதல்ல அந்த டெலஸ்கோப்புகளை ஒழிக்கிறதுலேர்ந்து போரை ஆரம்பிங்க. இன்னொண்ணு, ஆளில்லாத ஏவுகணைக்கு உள்ள சூடு வேணாம், பூமி இருக்கிற தூரத்துல வெயில்ல கிடக்கிற கருப்புக் கல்லு கூட சுமார் 278 கெல்வின்ல இருக்கும், எஞ்சினைப் போடாத வரைக்கும் கல்லு எது ஏவுகணை எதுன்னு வெறும் சூட்டை வச்சுப் பிரிக்கிறது கஷ்டம். நீங்க தேடின பதுங்கித் தாக்குறது அங்க கிடைக்கும்.