அம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 61 வயது, சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ 6 சுற்றும் ஆயிற்று. இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 அளவு, இயல்பு வரம்பான 35-க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் ஸ்கேனில் இடுப்புப் பகுதியில் ஒரு நிணநீர்க் கணு மட்டும் இன்னும் தெரிகிறது.

அந்த ஓர் இடத்தை மட்டும் குறிவைத்து எஸ்பிஆர்டி (சில தடவைகளிலேயே துல்லியமாக, அதிக அளவில் கொடுக்கும்) கதிர்வீச்சு கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். இந்த நோய்க்குக் கதிர்வீச்சு வழக்கமான சிகிச்சை இல்லை, வயிறு முழுக்கக் கொடுத்தால் குடல் தாங்காது என்றும் அவரே சொன்னார். அதனால்தான் பயம். அடுத்து எந்த மருந்து பொருந்தும் என்று முடிவு செய்ய உதவும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை முடிவும் இன்னும் வரவில்லை.

அம்மா நெருக்கமாகப் பூக்கட்டுவார். இப்போது கீமோவில் விரல்கள் மரத்துப்போய், தேக்காவில் வாங்கிவந்த மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டு, நூல் நழுவ நழுவ உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு சிகிச்சை என்றதும் "போதும்டா" என்கிறார்.

இங்கே யாராவது வீட்டில் எஸ்பிஆர்டி எடுத்திருக்கிறீர்களா? வயிற்றுப்போக்கு, களைப்பு எத்தனை நாள் இருந்தது? சோறு, ரசம் இறங்கியதா? மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) போக மிச்சம் கையிலிருந்து எவ்வளவு கட்டினீர்கள்? அப்புறம், மரபணு முடிவு வரும்வரை பொறுப்பதா என்று யாராவது டாக்டரிடம் கேட்டதுண்டா? வியாழக்கிழமை எங்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் சொன்னால் பெரிய உதவி.