ஒரு கேள்விக்கு பல பதில்: எஸ்பிஎஸ்எஸ்ல ஃப்ரீக்வன்ஸி டேபிள் எப்படி போடுறது?

மலைக்காத்து:
நுவரெலியா பக்கம் தோட்டங்கள்ல ஒரு வீட்டு சர்வே செஞ்சு கெம்பஸ் ரிசேர்ச்சுக்கு எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளிவிவர சொஃப்ட்வேர்ல டேட்டா போட்டுக்கிட்டு இருக்கேன். தோட்டத்துல நீங்க பாவிக்கிற வசதி எது எதுன்னு ஒரு கேள்வி, பிள்ளைக்காம்பரா (வேலைக்கு போறவங்க பிள்ளைகள பாத்துக்கிற இடம்), டிஸ்பென்சரி, குழாய்த்தண்ணி, வாசிகசாலை, எத்தனைய வேணும்னாலும் டிக் பண்ணலாம். ஒவ்வொண்ணுக்கும் தனி கொலம், டிக் பண்ணினா 1 இல்லாட்டி 0. சாதாரண ஃப்ரீக்வன்ஸி (எத்தனை பேர்னு எண்ணிக் காட்டுறது) போட்டா நாலு டேபிள் தனித்தனியா வருது, சேருக்கு ஒரே டேபிளா வேணுமாம். யாருக்காவது தெரியுமா?

கொழுந்துக்கூடை:
அனலைஸ் மெனுவுல மல்டிபிள் ரெஸ்பொன்ஸ்னு இருக்கும், அதுல டிஃபைன் வேரியபிள் செட்ஸ் போங்க. நாலு கொலத்தையும் உள்ள போட்டு டைக்கோட்டமீஸ் (ஆம்/இல்லன்னு ரெண்டே பதில் இருக்கிற கொலம்) தெரிவு செஞ்சு கவுண்டட் வெல்யூவுக்கு 1 குடுங்க, பேர் ஒண்ணு வச்சு ஏட் அமத்துங்க. பிறகு அதே மெனுவுல ஃப்ரீக்வன்ஸிஸ், அவ்வளவுதான். ஒரு விஷயம், இந்த செட் டேட்டா ஃபைலோட சேவ் ஆகாது, மூடிட்டு திறந்தா காணாம போயிரும், அதனால அந்த ஃப்ரீக்வன்ஸிஸ் பெட்டியில பேஸ்ட் அமத்தி சின்டாக்ஸா (திரும்ப ஓட்டக்கூடிய கட்டளையா) வச்சுக்கங்க.

மலைக்காத்து:
வந்துருச்சு, ரொம்ப நன்றி அண்ணே. ஆனா பர்சன்ட் ரெண்டு கொலம் இருக்கே, ஒண்ணு கூட்டினா 100, மத்தது நூறத் தாண்டி போகுது, எத எழுதுறது?

பதுளை ரயில்:
தங்கச்சி, நூறத் தாண்டுறதுதான் பர்சன்ட் ஒஃப் கேசஸ், ரிப்போர்ட்டுக்கு பெரும்பாலும் அதுதான் வேணும், "இத்தனை வீதமான வீடுகள்"னு சொல்லலாம். மத்தது விழுந்த டிக்குகள்ல பங்கு மட்டும். ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, எதுவுமே டிக் பண்ணாத வீட்ட எஸ்பிஎஸ்எஸ் மிஸ்ஸிங்னு ஒதுக்கி வச்சிரும். 100 வீடு, அதுல 20 வீட்ல ஒண்ணுமே இல்ல, டிஸ்பென்சரி பாவிக்கிறது 40, மொத்த டிக் 120னு வைங்க. ரெஸ்பொன்ஸ் பர்சன்ட் 33.3, கேசஸ் பர்சன்ட் 50, ஏன்னா 80 ஆல பிரிக்குது. உண்மை 40 தானே? தூரத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்ல) ஒரு வசதியும் எட்டாத சனத்த கணக்குல இருந்தே தூக்கிட்டு நிலைமை பரவால்லன்னு எழுதுறது மாதிரி ஆகிரும், தோட்டத்து சர்வேல இதுதான் முக்கியமா பாக்க வேண்டிய இடம்.

"எதுவும் இல்ல"ன்னு அஞ்சாவது கொலம் ஒண்ணு உண்டாக்கி, நாலும் 0 ஆ இருக்கிற வீட்டுக்கு 1 போட்டு செட்டுல சேத்துருங்க. கேள்விய கேக்காமலே விட்ட வீடு வேற, அதுல 0 இருக்கக் கூடாது, காலியா இருக்கணும், அதுக்கு 1 போட்டுறாதீங்க. கோபோல (போன்ல சர்வே எடுக்கிற ஆப்) எடுத்த டேட்டான்னா தவறவிட்ட கேள்வி தானாவே காலியாத்தான் வரும், கையால அடிச்சதுன்னா ஃபோர்ம எடுத்து திரும்பப் பாக்க வேண்டியதுதான்.

கொழுந்துக்கூடை:
மேல சொன்னது சரி, நான் அத எழுதல. ரிசல்ட்ல வர்ற கேஸ் சமரி டேபிள்ல மிஸ்ஸிங் எத்தனைன்னு போட்டிருக்கும், அத பாத்துட்டே டேபிள எடுங்க.

மலைக்காத்து:
சரிக்கா. தோட்டத்து டிவிசன் வாரியா பிரிச்சு, வித்தியாசம் தற்செயலா இல்லையான்னு பாக்கிற கை ஸ்கொயர் டெஸ்ட் போடலாமா?

பதுளை ரயில்:
அதே மல்டிபிள் ரெஸ்பொன்ஸ் மெனுவுல க்ரொஸ்டேப்ஸ் (ரெண்டு விஷயத்த குறுக்கா போடுற டேபிள்) இருக்கு, பிரிச்சு பாக்கலாம், ஆனா கை ஸ்கொயர் அதுல கிடையாது. ஒரே வீடு ரெண்டு மூணு வரிசையில வருதே, சாதாரண கை ஸ்கொயருக்கு அது ஒத்து வராது. ஒவ்வொரு வசதியையும் தனியா டிஸ்க்ரிப்டிவ் ஸ்டடிஸ்டிக்ஸ் மெனுவுல இருக்கிற க்ரொஸ்டேப்ஸ்ல டிவிசனோட போட்டு பாருங்க.