டிவி நிகழ்ச்சியைப் பதிய எது நல்லது: செட்டாப் பாக்ஸா, பழைய கம்ப்யூட்டரா?

வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்.

வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ்தான் இருக்கிறது. டிடி தமிழில் வரும் கச்சேரிகளைப் பதிந்து வைத்து, பிறகு பென்டிரைவில் ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கட்டண டிடிஎச் பாக்ஸில் பதிந்தால் பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடும், அதனால் அது வேண்டாம்.

யூஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள சாதாரண எம்பெக்-4 (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) பாக்ஸ் வாங்கினால் வேலை சுலபம். ரிமோட்டில் ஒரு பட்டன், அப்பாவே பார்த்துக்கொள்வார். ஆனால் இப்போது கைவசம் உள்ள பாக்ஸில் டைமர் வைத்துவிட்டு இடையில் கரண்ட் போனால், வந்ததும் அது சும்மா ஸ்டாண்ட்பையில் கிடக்கிறது. பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக எழுதாது. ஆலாபனை நடுவில் துண்டாகிவிடும். எல்லா பாக்ஸும் இப்படித்தானா?

இன்னொரு வழி, மூலையில் தூங்கும் டெஸ்க்டாப்பில் டிவிபி-எஸ்2 ட்யூனர் (டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி) போட்டு, லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற டிவி பதிவு மென்பொருளை ஓட்டுவது. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) வைத்துவிடலாம். தேவையில்லாத பகுதியை வெட்டவும் வசதி. எனக்கு மனசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. கரண்ட் பில்லும் ஃபேன் சத்தமும்தான் உறுத்துகிறது.

லினக்ஸில் தகராறு செய்யாத யூஎஸ்பி ட்யூனர் எது, இங்கே எங்கே கிடைக்கும்? டெஸ்க்டாப்புக்குப் பதில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் தாங்குமா? யாராவது வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தால் மாடல் பெயரோடு சொல்லுங்கள்.