லூம் பேண்டில் 32 கைப்பட்டை: பச்சை மட்டும் பாதியில் தீர்ந்துவிட்டது, எங்கே தப்பு?

கோபி அம்மா:
வணக்கமுங்க. மகள் ஆறாவது படிக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் விளையாட்டு விழா. அவள் அணிக்குப் பச்சை, வெள்ளை. அணியில் இருக்கும் 32 பிள்ளைகளுக்கும் லூம் பேண்டில், அதாவது பின்னிக் கோக்கும் சின்ன வண்ண ரப்பர் வளையங்களில், கைப்பட்டை போட்டுத் தருகிறோம் என்று நானும் அவளும் ஒத்துக்கொண்டோம்.

ஒரு பட்டைக்கு 25 ரப்பர் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். அப்படியென்றால் 800. ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் போய் 600 ரப்பர் உள்ள பாக்கெட் பச்சையில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்கினேன். 400 மீதியாகும் என்றுதான் நினைத்தேன். 18 பட்டை முடிந்ததும் பச்சை தீர்ந்துவிட்டது. கிண்ணத்தில் எட்டு ரப்பர்தான் கிடக்கிறது. வெள்ளையோ பாதி பாக்கெட் அப்படியே இருக்கிறது. இன்னொரு முறை பஸ் ஏறிப் போய்க் குறைவாக வாங்கி வந்துவிடக் கூடாது. நாள் இல்லை. எத்தனை வாங்கட்டும்? பாக்கெட்டிலேயே எண்ணிக்கை குறைவா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
அக்கா, பாக்கெட்டைச் சந்தேகப்படும் முன் ஒன்று சொல்லுங்க. எந்தப் பின்னல் போடுகிறீர்கள்? ஒற்றைச் சங்கிலியா, ஃபிஷ்டெயிலா? பச்சையும் வெள்ளையும் எந்தக் கணக்கில் வருகிறது?

கோபி அம்மா:
ஃபிஷ்டெயில்தானுங்க. இரண்டு பச்சை, ஒரு வெள்ளை, மறுபடி இரண்டு பச்சை, ஒரு வெள்ளை. அணிக்குப் பச்சைதான் முக்கியம் என்று மகள் அப்படி ஆசைப்பட்டாள்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
அப்போ விஷயம் தெரிந்துவிட்டது. 25 என்பது ஒற்றைச் சங்கிலிக்கு. அதில் ஒவ்வொரு ரப்பரும் நீளவாக்கில் அடுத்ததைக் கோத்துக்கொண்டு முன்னே போகும், சீக்கிரம் நீளம் ஏறும். ஃபிஷ்டெயிலில் இரண்டு முளையில் மூன்று ரப்பரை மாட்டி, அடியில் இருப்பதை இரண்டு பக்கமும் தூக்கி நடுவில் விடுகிறோம். ஒன்றின் மேல் ஒன்று நெருங்கி உட்காரும். அதனால் ஏறக்குறைய இரட்டிப்பு ரப்பர் வாங்கும்.

ஆனால் இந்த "ஏறக்குறைய" என்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். பனியன் ஆர்டருக்கு எவ்வளவு துணி என்று யாராவது கேட்டால் நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம், முதலில் சாம்பிள் ஒன்று தைப்போம். நீங்களும் அப்படியே செய்யுங்க. எண்ணி 30 ரப்பர் எடுத்துப் பின்னி, இழுக்காமல் மேசையில் கிடத்தி ஸ்கேலில் அளந்து பாருங்க. அப்புறம் பிள்ளைகளில் மெலிந்த கை ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெருத்த கை ஒன்று நூல் சுற்றி அளந்துகொள்ளுங்க. ரப்பர் இழுபடும் என்பதால் கைச்சுற்றில் 1 செ.மீ. கழித்துக்கொண்டால் சரியாகப் பிடிக்கும்.

கோபி அம்மா:
இப்போதே போட்டுப் பார்த்தோம். 30 ரப்பர் 9 செ.மீ. வந்தது. அணியில் பெரும்பாலும் 15 செ.மீ. கை. ஒரு பையனுக்கு மட்டும் 16.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
15-இல் ஒன்று கழித்தால் 14 செ.மீ. செ.மீ.க்கு மூன்றே கால் ரப்பருக்குச் சற்று மேல். 14-க்கு 46, 47 வரும். உங்கள் வரிசை மூன்று மூன்றாகப் போவதால் 48 என்று வைத்துக்கொள்ளுங்க, வரிசை பாதியில் நிற்காது. 16 செ.மீ. கைக்கு 51.

பவானி தறிவீடு:
அம்மிணி, நடுவில் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மொத்தக் கணக்குப் போட்டதும் தப்பு, அதை நிறவாரியாகப் பிரிக்காமல் விட்டதும் தப்பு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜமக்காளம் நெய்கிறோம். பட்டை போடும்போது சிவப்பு எத்தனை விரல், கறுப்பு எத்தனை விரல் என்று பார்த்து நிறத்துக்கு நிறம் தனியாகத்தான் நூல் எடுத்து வைப்போம். மொத்த எடை சரியாக இருந்தாலும் சிவப்பு தீர்ந்தால் தறி நின்றுவிடும்.

உங்கள் 48-இல் பச்சை 32, வெள்ளை 16. பதினெட்டுப் பட்டைக்குப் பச்சை 576 போயிருக்கும். 600-இல் மீதி 24. கிண்ணத்தில் எட்டு இருக்கிறது என்றால் 16 அறுந்தோ தொலைந்தோ போயிருக்கிறது. கடைக்காரர் எண்ணிக்கையில் ஏமாற்றவில்லை கண்ணு.

இனி 14 பட்டைக்குப் பச்சை 448. சேதாரம் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 470. பெரிய கைக்கு இரண்டு கூட. ஒரே ஒரு பச்சைப் பாக்கெட் போதும். வெள்ளை 224 தான் வேண்டும், சேதாரம் போக 300 பக்கம் உங்களிடம் இருக்கும். வெள்ளை வாங்கவே வேண்டாம்.

கரூர்க்காரர்:
புதுப் பாக்கெட்டை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் 100 எண்ணி நிறுத்துப் பாருங்க, பிறகு முழுப் பாக்கெட்டையும் நிறுங்க. வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். பட்டையின் இரண்டு முனையையும் மாட்டும் கிளிப் பாக்கெட்டில் இருந்தால் அதைத் தனியே எடுத்துவிட்டு நிறுக்கணும். ஜன்னல் வெயிலில் ரப்பரை வைக்காதீர்கள், காய்ந்து போய்ப் பின்னும்போதே படக்கென்று அறும்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
அக்கா, கடைசியாக ஒன்று. பழைய பச்சை ரப்பர் நாலைந்து கையோடு எடுத்துப் போங்க. வேறு லாட், அதாவது வேறு தடவை தயாரித்தது என்றால் ஷேட் மாறும். கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. துணியில் இதற்காக எத்தனை முறை அவதிப்பட்டிருக்கிறோம்.

கோபி அம்மா:
எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று போய் வந்தேன். அதே பச்சை கிடைக்கவில்லை, ஒரு சாயல் வெளிர். வாசலில் வைத்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. மகளிடம் காட்டியதும் அவளே வழி சொன்னாள்: புதுப் பச்சைப் பட்டை 14-ம் பெண் பிள்ளைகளுக்கு, பழையது 18-ம் பையன்களுக்கு. அணியில் பெண்கள் சரியாக 14 பேர்! பெரிய கைப் பையனுக்கு மட்டும் பழைய பட்டை ஒன்றின் கிளிப்பைக் கழற்றி, கிண்ணத்தில் இருந்த எட்டில் இரண்டு பச்சையும் ஒரு வெள்ளையும் சேர்த்து 51 ஆக்கிவிட்டோம்.

இன்று மாலை 32-ம் முடிந்தது. புதுப் பாக்கெட்டில் 130 பக்கம் மீதி.