புதுப்பிப்பு: அரை கிரவுன் கிடைத்தது

கோலாலம்பூர் நாணயக் கண்காட்சியில் பழைய பிரிட்டிஷ் அரை கிரவுன் (இரண்டரை ஷில்லிங் வெள்ளிக்காசு) வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று இங்கே கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்தாச்சு.

முதலில் ஆண்டைப் பார் என்றீர்கள், அதுதான் கைகொடுத்தது. ஒரே தட்டில் ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் இரண்டு, 1917, 1921. விலையும் ஒன்றே! 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் பாதிதான். வெள்ளி குறைந்த அந்த 1921 காசில் ராஜாவின் கன்னமேடு லேசாக மஞ்சளித்திருந்தது. 1917ஐத் தராசில் வைத்தால் 13.9 கிராம். புதிதில் 14.14, தேய்மானம் போக சரி, எடுத்துக்கொண்டேன்.

விக்டோரியா ராணி காலத்து கிரவுன் (ஐந்து ஷில்லிங் காசு) ஒன்றும் பளபளத்தது. சாய்த்துப் பிடித்தால் தேய்த்துக் கழுவிய கீறல்கள். அப்படிக் கழுவிய காசுக்கு சேகரிப்பவர்களிடம் மதிப்பு குறைவு, அதனால் விற்ற அங்கிள் விலையைக் குறைத்தும் வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம், ராணியின் பெயரோடு வழக்கமாக வரும் 'தேவ அருளால்' வாசகம் இல்லாத 1849 ஃபுளோரின் (இரண்டு ஷில்லிங் காசு) யாரிடமாவது இருக்கிறதா?