புதுப்பிப்பு: வில்லாக வளைந்த ஒட்டுத்துணி விரிப்பு நேராகிவிட்டது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. வண்ணாரப்பேட்டை தையல் கடையில் மிஞ்சிய ஒன்றரை இஞ்ச் பட்டைகளை இணைத்து, காசிமேடு துறைமுகத்தை உருவமில்லாமல் வெறும் நிறங்களாக ஒரு விரிப்பில் கொண்டுவரப் பார்த்தேன். எட்டாவது பட்டையிலேயே துணி வில்லாக வளைந்தது. அதை எப்படி நேராக்குவது என்றுதான் இங்கே கேட்டிருந்தேன்.

பலித்தது திருப்பூர் அக்கா சொன்ன யோசனை: ஒரு பட்டையை மேலிருந்து கீழே தைத்தால், அடுத்ததைக் கீழிருந்து மேலே. எல்லாத் தையலையும் ஒரே முனையில் ஆரம்பித்ததுதான் என் தப்பு. அப்பாவின் பழைய பருத்தி வேட்டியை அடியில் வைத்து அதன்மேலேயே தைத்தேன். குறுக்குவாட்டில் வெட்டிய துண்டுகள்கூட இழுபடவில்லை. கால் இஞ்ச் தையல் இரண்டு பக்கமும் போக, வெளியே தெரிவது ஒரு இஞ்ச்தான். கணக்கில் அதை விட்டுவிடாதீர்கள்.

நிற அடுக்குக்கு, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்க்கச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. படகுப் பச்சையும் துருச் சிவப்பும் அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்தன, அதாவது இரண்டுக்கும் வெளிர்-அடர் வித்தியாசமே இல்லை. நடுவில் மஞ்சள் ஜாக்கெட் துணியில் ஒரே ஒரு கீற்று வைத்தேன், மொத்தமும் எழுந்து நின்றது.

எதிர்பாராதது: சிவப்பு சாயம் விட்டது. துணிகளைத் தனித்தனியாக ஊறவைத்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.