கப்பல் போன வழியில் மினிபஸ்

மேற்குத் துருக்கியில், சோக்கே என்ற ஊரின் பேருந்து நிலையத்தில் மினிபஸ் நிற்கிறது. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட் மட்டும் காலி. நல்ல ஜன்னல், வயல்வெளி பார்த்துக்கொண்டே போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஏன் யாரும் உட்காரவில்லை என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் புரிந்தது.

துருக்கியில் இந்த மினிபஸ்ஸை தொல்முஷ் என்பார்கள். 'நிரம்பியது' என்று அர்த்தம். நான் ஏறிய வண்டியில் கண்டக்டர் கிடையாது. கடைசி வரிசையில் ஏறியவர் காசை முன்சீட்டுக்காரரிடம் கொடுப்பார், அவர் அடுத்தவரிடம். மிச்சச் சில்லறை அதே வழியில் திரும்பிப் போகும். ஒற்றை சீட்டில் இருப்பவர்தான் ஓட்டுநருக்கு முந்தைய கடைசிக் கை.

ஒரு பையன் தோளைத் தட்டி, "பிர் ஓரென்ஜி" என்று நோட்டை நீட்டினான். நான் நோட்டை மட்டும் ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். அவர் மறுபடி கேட்டார். நானும் மறுபடி சிரித்தேன். பின்னால் பூப்போட்ட முக்காடு கட்டிய ஒரு பாட்டிதான் என்னைக் காப்பாற்றினார். பையனைக் காட்டி, பாடப் புத்தகத்தைப் புரட்டுவது போல் கையசைத்துக் காட்டினார். 'ஒரு மாணவர்' என்றுதான் பையன் சொல்லியிருக்கிறான், சலுகைக் கட்டணமாம்! அதன் பிறகு காசு வரும்போதெல்லாம் பாட்டி சொல்ல, நான் முன்னால் ஒப்பித்தேன். பிர், இக்கி, உச். ஒன்று, இரண்டு, மூன்று. நான் இறங்க வேண்டிய குல்லுபாஹ்சே வருவதற்குள் பாதிக் கண்டக்டர் ஆகிவிட்டேன். இறங்கும்போது பாட்டி துணிப்பையிலிருந்து நாலு உலர்ந்த அத்திப்பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

அந்த ஊரிலிருந்து மேட்டில் ஏறினால் பிரியேனி, பழைய கிரேக்க நகரத்தின் இடிபாடுகள். அலெக்சாந்தர் தன் பெயரில் காணிக்கையாக்கிய அத்தேனா கோயிலில் ஐந்து தூண்களை மறுபடி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கோயிலைவிட எனக்குப் பிடித்தது அங்கிருந்து தெரிந்த சமவெளிதான். கண்ணுக்கு எட்டிய வரை பருத்தி. செப்டம்பர் மாதம், காய் வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. ஒரு காலத்தில் அது முழுக்கக் கடல். மெண்டெரெஸ் ஆறு நூற்றாண்டு நூற்றாண்டாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, வளைகுடாவையே மூடிவிட்டது. கிரேக்கர்கள் இந்த ஆற்றை மையாண்டர் என்றார்கள். வளைந்து வளைந்து போவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'மியாண்டர்' இந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

அடுத்து மிலீட்டஸ், இதுவும் பழைய கிரேக்க நகரம்தான். திதிம் என்ற ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி, வழியில் அக்கோய் என்ற ஊரில் இறங்கினேன். அங்கிருந்து கிளைச் சாலையில் நடக்க வேண்டும். வழியோர முட்செடிகளில் பஞ்சு சிக்கியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த நேரத்தில் ஒரு டிராக்டர்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். போகும்போது இடப்பக்கம் வயலுக்கு நடுவே இருந்த சிறு குன்றைக் காட்டி, "அதா" என்றார். போனில் தேடினால், தீவு என்று அர்த்தம். பருத்திக் காட்டில் ஏது தீவு?

அதுதான் லாதே, கடல் இருந்த காலத்தில் தீவு என்று அப்புறம்தான் தெரிந்தது. கி.மு. 494-ல் பாரசீகக் கடற்படையிடம் இந்தக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கர்கள் தோற்ற இடம். பழங்கால வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கணக்கில் கிரேக்கர் பக்கம் 353 கப்பல், பாரசீகர் பக்கம் 600. அதே ஆண்டு மிலீட்டஸும் விழுந்தது. தத்துவஞானி தேலீஸ் பிறந்த ஊர் அது. அவ்வளவு கப்பல்கள் மோதிய பக்கம் பார்த்துக்கொண்டு நான் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றிருக்கிறேன்.

சுமார் 15,000 பேர் உட்காரக்கூடிய மிலீட்டஸ் அரங்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். திரும்பி வர வண்டி கிடைக்காமல் இருட்டும் வரை தவித்தேன், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தொல்முஷ்ஷில் போகிறவர்கள் கடைசி வண்டி எப்போது என்று ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

*

மேலே எழுதியவர் சொன்ன கடலின் மிச்சம் இன்னும் இருக்கிறது. பாஃபா ஏரி. வண்டல் வளைகுடாவின் வாயை அடைத்ததும் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசான உப்பு.

ஏரிக்கரையில் கப்பிகிரி என்று ஒரு கிராமம். பழைய ஹெராக்லியா நகரத்தின் இடிபாடுகளுக்குள்ளேயே வீடுகள், மாடுகள். அங்கே பெண்கள் ஓரத்தில் பின்னல் வேலை செய்த முக்காட்டுத் துணிகளை விற்கிறார்கள். ஓர் அம்மா என் பின்னாலேயே கோட்டைச் சுவர் வரை வந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பாதை தவறி நான் ஒரு பாறை இடுக்கில் இறங்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்தவரும் அவர்தான். அப்புறம் பேரம் பேச மனசு வரவில்லை. இரண்டு துணி வாங்கினேன், அவர் வீட்டில் டீயும் ஆலிவும் கிடைத்தன. நெடுஞ்சாலையில் இறங்கினால் கிராமம் இன்னும் 10 கிலோமீட்டர் இருக்கும், அதற்கும் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

*

மேலே இருவர் எழுதிய பக்கத்துக்கு நான் போனது பெரிய பேருந்தில். இஸ்மிரில் டிக்கெட் எடுக்கும்போது தனியாக வந்த பெண் என்றதும் கேட்காமலே இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்தில் சீட் போட்டார்கள். அது வசதிதான்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் உதவியாளர் பையன் ஒரு பாட்டிலோடு வரிசையாக வந்தான். எல்லோரும் உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்கள், அவன் ஊற்றினான். நானும் வலது கையைக் குவித்து வாங்கினேன். கோயிலில் தீர்த்தம் வாங்கிப் பழகிய கை, தன்னாலேயே வாய்ப் பக்கம் போய்விட்டது. பக்கத்து சீட் அக்கா "யோக், யோக்!" (இல்லை, இல்லை!) என்று மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். எலுமிச்சை வாசனை போட்ட கொலோன்யா என்ற வாசனைத் திரவியம், கையில் தேய்த்துக்கொள்வதற்காம். திதிம் போய்ச் சேரும் வரை அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தவே இல்லை.